டோலி ஏறிய மலை

கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை பொதுமக்களுக்குத் திறந்தது 1916-ல். அதற்கு முன்பு மலைக்குப் போக நினைத்த துரைமார் பெரும்பாலும் எங்கள் பெரியகுளத்துப் பக்கம்தான் வந்தார்கள். 1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் உருண்டு, மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அங்கிருந்து செண்பகனூர் வரை ஒற்றையடி ஏற்றம். மட்டக்குதிரையில் ஏறத் தெரிந்தவர்கள் அதில் போனார்கள். மற்றவர்களுக்கு டோலி.

நாற்காலிக்கு இரு பக்கமும் கம்பு கட்டினால் டோலி. அவ்வளவுதான். தூக்குவது அவ்வளவு லேசில்லை. கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகிறவர் மேலேயும் பின்னால் வருகிறவர் கீழேயும் நிற்க, நாற்காலி சாயாமல் இருக்க வேண்டுமென்றால் பின்னவர் தோளில்தான் பெரும் பாரம் இறங்கும். மாற்றுத் தோள்காரர்கள் கூடவே நடப்பார்கள். மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 1,700 மீட்டர். மேலே 1901-ல் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும், வீடுகளுக்குக் கட்டிலும் பெட்டியும் போனதும் இப்படித்தான். தூக்கியவர்களில் ஒருவர் பெயரையும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறையில் இப்படிப் பெயர் விடுபடுவது புதிதில்லை. வரைபடத்தின் மூலையில் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். முள்ளுக்குள் சங்கிலி இழுத்தவன் இருக்கமாட்டான். அந்தப் புத்தியோடுதான் போன மாசியில் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலையூர் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்குத் தனியாக இறங்கினேன். இது டோலி போன பாதையில்லை. அது செண்பகனூருக்கு ஏறியது, இது அதற்குப் பக்கத்து வழி. ஆனாலும் 1821-ல் பழனிமலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு தங்கியது வெள்ளகவியில்தான். அங்கிருந்துதான் அவர் மேலே ஏறிக் கொடைக்கானல் பகுதியைப் பார்த்தார். நல்ல குளிர், நல்ல காற்று, மலைவாசிகளான குன்னுவர்கள் ஒழுங்காக ஊர் அமைத்து வாழ்கிறார்கள் என்று எழுதினார். தொழில்முறையில் அவர் எனக்கு மூத்தவர். கால் வைத்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

டால்பின் நோஸ் பாறை வரை செல்பி கூட்டம். அதைத் தாண்டினால் பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. இடப்பக்கம் செங்குத்துப் பாறை, வலப்பக்கம் ஒன்றுமில்லை. இறக்கத்தில் முதலில் கெடுவது மூச்சு அல்ல, முழங்கால். பள்ளத்தில் பாம்பாறு ஓடுகிறது. மேலே வட்டக்கானலில் அது விழுகிற இடத்துக்கு, சோப்பு விளம்பரம் எடுத்ததால், லிரில் அருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே தண்ணீர் கீழே கும்பக்கரையில் யானை கெஜம், பாம்பு கெஜம் என்று தடாகம் தடாகமாக இறங்குகிறது. எனக்குக் கீழே வைத்த பெயர்கள்தான் பிடிக்கும்.

வார்டுக்குப் பிறகு 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டனும், ரெவின்யூ போர்டைச் சேர்ந்த காட்டனும் ஏறி வந்து செண்பகனூரில் ஒரு சின்ன பங்களா கட்டினார்கள். ஊராக்கியது அமெரிக்கன் மதுரை மிஷன். கீழே காலராவிலும் காய்ச்சலிலும் ஆட்களைப் பறிகொடுத்து, சிறுமலைக்குப் போய், அங்கேயும் காய்ச்சல் விடாமல், 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863-ல் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். மேஜர் லா 1870-களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து சாலை போட ஆரம்பித்தார். தாது வருஷப் பஞ்சம் வந்தது, பணம் வேறு பக்கம் போனது, வேலை நின்றது. முடிய 1914 ஆயிற்று. பஞ்சம் சமவெளியில் செய்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். மலையில் டோலித் தொழிலுக்கு அது கூடுதலாக நாற்பது வருஷம் ஆயுள் கொடுத்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெள்ளகவி எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. அங்கே திரும்பின பக்கமெல்லாம் கோயில். காப்பிக் கொட்டை காயப்போட்டிருந்த ஒரு வாசலில் கட்டங்காப்பி கொடுத்தார்கள். காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் இங்கே விளைகிறது. நான் போனபோது வண்டி வரும் சாலை ஊருக்கு எட்டவில்லை. மூட்டைகள் குதிரையில் போய்வந்தன. வார்டு எந்த ஊரிலிருந்து மேலே ஏறினாரோ அந்த ஊர் மட்டும் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

"ஒடம்புக்கு முடியலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"டோலி கட்டித்தான் தூக்குவோம்ங்கய்யா. மேலயா கீழயான்னு மொதல்ல பேசி முடிவு பண்ணணும். மழை பேஞ்சா கீழ போக முடியாது, ஆறு மறிச்சிரும். மேல போனா ஏத்தம்."

"எத்தனை பேர் வேணும்?"

"ஊரே வரும்ங்க. ஆளு கனம்னா பத்து தப்படிக்கு ஒருக்கா தோள் மாத்தணும். அதனால மாசமான பொண்ணுகளை முன்கூட்டியே பெரியகுளத்துல சொந்தக்காரங்க வீட்டுல விட்டுருவோம்."

சுவரோரம் ஒரு மூங்கில் கம்பு சாத்தி வைத்திருந்தது. நடுவில் கயிறு உரசித் தேய்ந்திருந்தது. கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது பந்தலுக்கு வெட்டுனதுங்க, டோலிக் கம்பு கோயில்ல இருக்கு" என்றார்.