கிரிமெட்டன் சக்கரத்தில் பிறக்கும் அலை

ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெர்க் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் கிரிமெட்டன். அங்கே ஒரு வானொலி நிலையத்தில் 1.6 மீட்டர் விட்டமுள்ள எஃகுச் சக்கரம் ஒன்று இருக்கிறது. விளிம்பைச் சுற்றி 488 காடிகள். எதிரே கம்பிச் சுருள்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி. சக்கரம் நிமிடத்துக்கு 2,115 சுற்று சுழல்கிறது. காடி ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் மின்சாரம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. காடிகளையும் சுற்றுகளையும் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 17,200 அதிர்வுகள். அலையை உண்டாக்குவதில் வால்வுக்கோ டிரான்சிஸ்டருக்கோ வேலையில்லை. சக்கரத்தின் வேகம் தளர்ந்தால் அலைவரிசையே நழுவிவிடும்.

இதை வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன். உப்சாலாவில் பிறந்து, 1901-ல் அமெரிக்கா போய், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தவர். முதல் உலகப் போரில், கடலடித் தந்திக் கம்பிகள் பிறர் கையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஸ்வீடன் கண்டுகொண்டது. லட்சக்கணக்கான ஸ்வீடன்காரர்கள் குடியேறியிருந்த அமெரிக்காவோடு நேரடித் தொடர்பு வேண்டியிருந்தது. 1924 டிசம்பர் 1 அன்று கிரிமெட்டனிலிருந்து தந்திகள் போகத் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூலை 2 அன்று அரசர் ஐந்தாம் குஸ்தாவ் நிலையத்தை முறைப்படி திறந்துவைத்து, அதிபர் கூலிட்ஜுக்குத் தந்தி அனுப்பினார்.

சக்கரத்தை விட்டு வெளியேறிய அலையின் பாதைதான் எனக்குத் தீராத வியப்பு. அலையின் நீளம் ஏறத்தாழ 17.4 கிலோமீட்டர். அதை ஏவுவதற்கு 127 மீட்டர் உயரத்தில் ஆறு கோபுரங்கள் நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம்தான், ஆனால் அலையின் நீளத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி வீணாகிறது. இழப்பைக் குறைக்கவே கோபுரம்தோறும் ஒரு கம்பியை இறக்கி, பெரிய சுருள் வழியாகத் தரையோடு இணைத்தார் அலெக்சாண்டர்சன். வெளியேறிவிட்ட அலைக்கு அதன் பிறகு தடை குறைவு. கீழே கடல், மேலே 70 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம்; இரண்டுக்கும் நடுவே ஒடுங்கி, பூமியின் வளைவோடு வளைந்து செல்கிறது. அந்தத் தந்திகளைப் பெற்ற அமெரிக்காவின் லாங் ஐலண்டு வரை சுமார் 6,000 கிலோமீட்டர். அதைக் கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

சிற்றலை வந்ததும் இந்த முறை பழசாகிப்போனது. கிரிமெட்டனில் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்றை 1960-ல் உடைத்துவிட்டார்கள். மற்றது தப்பியதற்கு இந்த அலைவரிசையின் இன்னொரு குணமும் உதவியது: இவ்வளவு தாழ்ந்த அலை கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கும் என்பதால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி சொல்லப் பயன்பட்டது. நம் திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் உயரமான கோபுரங்களோடு நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். கிரிமெட்டன் நிலையத்தை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

இப்போது ஆண்டில் சில நாட்கள் மட்டும் சக்கரம் சுற்றுகிறது: ஜூலை 2-ஐ ஒட்டிய ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் போன்ற தினங்களில். அலை யாரைத் தேடிப் போகிறது? பெறுவதற்கென்று கட்டிய நிலையம் எதுவும் இன்று இல்லை. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்.

இந்த அலையைப் பிடிக்க வானொலிப் பெட்டிகூட வேண்டாம் என்பதுதான் அழகு. 17.2 கிலோஹெர்ட்ஸ் என்பது கணினியின் சவுண்ட் கார்டு அளக்கும் எல்லைக்குள்ளேயே வருகிறது. மரச்சட்டத்தில் செம்புக்கம்பியைப் பல சுற்று சுற்றி, முனைகளை மைக் துளையில் செருகி, மென்பொருளை ஓடவிட்டால் போதும். அது அலையைக் காதுக்கு இதமான சுருதிக்கு இறக்கித் தருகிறது. எஸ்.ஏ.க்யூ. என்ற மோர்ஸ் அழைப்புக்குறி கேட்கத் தொடங்குகிறது.

கேட்பதற்கு இடையூறு தூரம் அல்ல, வீடுதான். மொபைல் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, டி.வி. எல்லாமே இந்த அலைவரிசைப் பகுதியில் இரைகின்றன. ஆகவே மின்கம்பிகள் இல்லாத வயல்வெளிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், பேட்டரியில் ஓட்டிக் கேட்கிறார்கள். சுருளை மெல்லத் திருப்பினால் இரைச்சல் வரும் திசையை ஓரளவு அடக்கலாம். மின்னல்களின் படபடப்பை மட்டும் அடக்க முடியாது. கோடையில் அது மிகுதி, டிசம்பரில் ஐரோப்பாவில் குறைவு. ஸ்வீடனில் காலையில் ஒலிபரப்பும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இன்னும் விடிந்திருக்காது. அங்கே கேட்க நினைப்பவர் இருட்டிலேயே எழுந்து உட்கார வேண்டும்.

கேட்டவர்கள் நேரம், இடம், ஆன்டெனா வகை, சமிக்ஞையின் வலிமை எல்லாவற்றையும் குறித்து கிரிமெட்டனுக்கு அறிக்கை அனுப்புகிறார்கள். அவற்றை வாங்கித் தொகுப்பவர்கள், இயந்திரத்தைப் பேணிவரும் தன்னார்வச் சங்கத்தினர்.