வராதவரைத் தேடிய பள்ளிவாசல்

மதீனாவில் ஒருமுறை தலைகள் எண்ணப்பட்டன. இஸ்லாத்தை ஏற்றதாக நாவால் மொழிந்த அனைவரின் பெயர்களையும் எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாங்கள் 1500 ஆண்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தோம் என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வேறு அறிவிப்புகளில் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவும் வருகிறது. எழுதத் தெரிந்தோர் சொற்பமாக இருந்த ஓர் ஊரில் இப்படியொரு பதிவேடு உருவானதே வியப்புக்குரியது. ஆனால் ஹுதைஃபா (ரலி) அவர்கள் இதைச் சொல்லும் தொனியில் பெருமிதம் இல்லை. 1500 பேர் இருக்கையில் நமக்கென்ன அச்சம் என்று அன்று எண்ணியவர்களே, பிற்காலத்தில் ஒருவர் அஞ்சியபடி தனியாகத் தொழ நேர்ந்த சோதனையையும் கண்டார்கள் என்று வருந்துகிறார்கள்.

ஆகவே அந்த ஜமாஅத் எவ்வளவு விரைவாகப் பெருகியது என்பதைவிட, வந்தவர்கள் எப்படி நிலைத்தார்கள் என்பதே ஆராயத்தக்கது. அதற்கான விடை ஹதீஸ் நூல்களில் சிறு சிறு நிகழ்ச்சிகளாகச் சிதறிக் கிடக்கிறது.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபின் எழுந்த மஸ்ஜிதுந் நபவீ, பச்சைச் செங்கல் சுவரும் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்ட எளிய கட்டடம். மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகளோடு இருவர் இருவராகச் சகோதரர்களாக்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களுக்குப் பரக்கத் வேண்டி துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டு, பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்கத் தொடங்கிய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. புதிதாய் வந்த எவரும் பெருங்கூட்டத்தின் முன் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. அவரைத் தம் பொறுப்பாக ஏற்ற ஒரு மனிதர் பெயர் சொல்லி அங்கே இருந்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

அப்படியொரு வீடும் வாய்க்காதவர்களுக்குப் பள்ளிவாசலின் நிழற்பகுதியான திண்ணை இருந்தது. அதுவே ஸுஃப்பா. மேலாடைகூட இல்லாத திண்ணைத் தோழர்கள் எழுபது பேரைத் தாம் கண்டதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். அவர்களும் அத்திண்ணையைச் சேர்ந்தவர்களே. இருவருக்கான உணவு உள்ளவர் மூன்றாமவராக ஒருவரை அழைத்துச் செல்லட்டும் என்பது அங்கு நடைமுறை. ஒருநாள் பசியால் வாடிய அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு ஒரு கிண்ணம் பால் கண்ணில் பட்டது. ஆனால் திண்ணையில் உள்ளோர் அனைவரையும் அழைத்து வருமாறு நபியவர்கள் சொன்னபோது, நமக்கு என்ன மிஞ்சும் என்று மனம் சுருங்கியதை அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். அவர்களே பரிமாற, எல்லோரும் வயிறாரக் குடித்தபின், இன்னும் குடியுங்கள் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தப்பட்டு, இனி இடமில்லை என்று சொல்லும்வரை அபூஹுரைரா (ரலி) குடித்தார்கள். கடைசியாகவே நபி (ஸல்) அவர்கள் அருந்தினார்கள்.

இனி, வராதவர்களைப் பற்றி. அந்தப் பள்ளியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த கறுநிறப் பெண்மணி ஒருவர் இருந்தார். சில அறிவிப்புகள் அவரை உம்மு மிஹ்ஜன் என்று குறிப்பிடுகின்றன. ஓர் அறிவிப்பிலோ அவர் ஆணா பெண்ணா என்றே ஐயம் எழுப்பப்படுகிறது. வரலாற்றின் நினைவிலிருந்து நழுவிப் போகும் அளவுக்கு அவர் எளியவர். ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் அவரைக் காணாமல் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினர். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்டார்கள். தோழர்கள் அவருடைய விஷயத்தைச் சிறியதாகக் கருதிவிட்டனர் என்று அறிவிப்பாளர் கூறுகிறார். நபி (ஸல்) அவர்கள் அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று தொழுகை நடத்தினார்கள். ஆட்சி, படை, ஒப்பந்தம் என்று ஆயிரம் சுமைகளைத் தாங்கியிருந்த ஒரு தலைவரின் கண்ணுக்கு, துடைப்பம் பிடித்த ஒரு கை காணாமற்போனது தெரிந்தது. நம் மஹல்லாக்களில் சந்தா பாக்கி வைத்தவரின் பெயர் ஏட்டில் உடனே கண்ணில் படுகிறது. மூன்று வாரமாக ஜும்ஆவுக்கு வராத முதியவரின் பெயரைக் காட்டும் ஏடு எதுவும் நம்மிடம் இல்லை.

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்கள் இதற்கு நேர்மாறானவர்கள். அன்ஸாரிகளின் சொற்பொழிவாளர், உரத்த குரலுக்குச் சொந்தக்காரர். நபியின் குரலுக்கு மேல் குரல் உயர்த்தாதீர்கள், உங்கள் நற்செயல்கள் அழிந்துவிடும் என்ற கருத்துள்ள இறைவசனம் அருளப்பட்டதும், இது தம்மைப் பற்றியதே என்று எண்ணி, தலை கவிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களைக் காணவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, தோழர் ஒருவர் சென்று காரணம் அறிந்து வந்தார். நீர் நரகவாசி அல்லர், சொர்க்கவாசி என்ற நற்செய்தியோடு அவர் மீண்டும் அனுப்பப்பட்டார். வெட்கத்தால் ஒதுங்கியவரை வீடு தேடிச் சென்றே திரும்பக் கொண்டுவர முடிந்தது.

வருபவரைக் களைப்படையச் செய்யாதிருப்பதும் இதே அளவு முக்கியமாக இருந்தது. முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள் நபியுடன் இஷா தொழுதுவிட்டுத் தம் கூட்டத்தாரிடம் போய் அவர்களுக்கு இமாமாக நிற்பார்கள். ஓரிரவு, நீர் இறைக்கும் இரண்டு ஒட்டகங்களோடு நாளெல்லாம் உழைத்த ஒருவர் அவற்றை விட்டுவிட்டு ஜமாஅத்தில் வந்து சேர்ந்தார். முஆத் (ரலி) அவர்கள் சூரத்துல் பகராவைத் தொடங்கினார்கள். குர்ஆனிலேயே மிக நீண்ட அத்தியாயம் அது! அம்மனிதர் விலகிச் சென்றார். முஆத் தம்மைப் பழித்ததை அறிந்து நபியவர்களிடம் முறையிட்டார். நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டது உழைப்பாளியை அன்று, முஆத் (ரலி) அவர்களைத்தான். நீர் குழப்பம் விளைவிப்பவரா என்று மூன்று முறை கேட்டு, சிறிய அத்தியாயங்கள் சிலவற்றைப் பெயர் சொல்லி ஓதுமாறு பணித்தார்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் தேவையுடையோரும் தொழுகிறார்கள் என்று காரணமும் சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதால், தாயின் மனவேதனையை எண்ணித் தம் தொழுகையையே சுருக்கியவர்கள் அல்லவா அவர்கள்! ரமழானின் முதல் வாரத்தில் நிரம்பும் நம் வரிசைகள் பிறகு ஏன் குறைகின்றன என்று கேட்பவர்கள், வராதவரின் ஈமானை அளப்பதற்கு முன் இந்நிகழ்ச்சியை ஒருமுறை படிக்கலாம்.

பிற்காலத்தில் கூஃபாவில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழன்தோறும் மட்டுமே உபதேசம் செய்தார்கள். நாள்தோறும் செய்யலாகாதா என்று கேட்டவருக்கு, உங்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை, நபியவர்களும் இடைவெளி விட்டே எங்களுக்கு உபதேசித்தார்கள் என்று விடையளித்தார்கள். மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களை ஒத்த இளைஞர்களும் மதீனாவில் இருபது இரவுகள் தங்கியபோது, வீட்டு நினைவு அவர்களை வாட்டுவதை நபியவர்கள் உணர்ந்தார்கள். விட்டு வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஊர் திரும்பித் தம் மக்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு அனுப்பினார்கள். மாணவரைத் தம்மருகே வைத்துக்கொள்ளும் ஆசையைவிட, அவர் வழியே இன்னோர் ஊரில் ஒரு ஜமாஅத் எழுவது மேலானதாகக் கருதப்பட்டது. ஆண்கள் எங்களை முந்திக்கொள்கிறார்கள் என்று பெண்கள் சொன்னபோது அவர்களுக்கெனத் தனி நாள் குறிக்கப்பட்டது. ஊருக்கு வெளியே வாழ்ந்த உமர் (ரலி) அவர்களும் அன்ஸாரி அண்டைவீட்டாரும் நாள் விட்டு நாள் முறை வைத்து வந்து, கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கண்டிப்பும் அங்கு இருந்தது. ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தில், ஏட்டில் அடங்காத அளவு மக்கள் திரண்டிருந்தனர். அத்தனை பேரிலும் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள் இல்லாததை நபி (ஸல்) அவர்கள் தபூக்கில் நினைவுகூர்ந்து கேட்டார்கள். ஒருவர் குறை சொன்னார். நாங்கள் அவரிடம் நன்மையையே அறிவோம் என்று மறுத்தவர், மேலே கண்ட அதே முஆத் பின் ஜபல் (ரலி) அவர்கள்தாம். பொய்ச்சாக்குச் சொன்ன பலரும் தப்பினர். உண்மையைச் சொன்ன கஅப் (ரலி) அவர்களோடும் வேறு இருவரோடும் பேசக்கூடாது என்று தடை வந்தது. ஐம்பது இரவுகள். அப்போதும் கஅப் (ரலி) அவர்கள் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸலாம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நபியவர்களின் உதடுகள் அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். தாம் தொழுகையில் ஆழ்ந்திருக்கையில் நபியவர்கள் தம்மைப் பார்ப்பதையும், தாம் திரும்பினால் முகம் திருப்பிக்கொள்வதையும் கவனித்திருக்கிறார்கள். பேச்சு நின்றது; பார்வை நிற்கவில்லை.

மன்னிப்பின் செய்தி வந்த காலையில் ஒருவர் குதிரையில் விரைந்தார். இன்னொருவர் மலைமேல் ஏறிக் கூவினார். குரலே முந்தியது. அதைக் கேட்டு ஸஜ்தாவில் விழுந்த கஅப் (ரலி) அவர்கள், நற்செய்தி கூவியவருக்குத் தம் மேனியிலிருந்த இரண்டு ஆடைகளையும் பரிசாகத் தந்துவிட்டு, இரவல் ஆடை உடுத்திப் பள்ளிக்கு ஓடினார்கள். வழியெங்கும் மக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்த்தினர். உள்ளே நுழைந்ததும் தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) அவர்கள் எழுந்து ஓடிவந்து கைகொடுத்தார்கள். முதுமையில் பார்வை இழந்து மகனின் கையைப் பற்றி நடந்த நாள்களிலும் கஅப் (ரலி) அவர்கள் இதைச் சொல்வதுண்டு: முஹாஜிர்களில் எனக்காக எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தாம், அதை நான் மறந்ததேயில்லை.