இளங்குதிரையின் உடற்கட்டு: பார்ப்பதும் பக்குவமாகச் சொல்வதும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. பணம் கொடுத்து வாங்கும் குதிரைக்கு அது பொருந்தாது. பல்லைப் பார்க்க வேண்டும்; காலையும் குளம்பையும் அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

குதிரை லாயங்களோடு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. 'சைஸ்' என்று அழைக்கப்பட்ட பராமரிப்பாளர்களில் தமிழர்களும் இருந்தனர். சிங்கப்பூரின் கிராஞ்சி திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்து முடிந்தது. ஆனாலும் குதிரையேற்றப் பயிற்சி நிலையங்கள் இரு நாடுகளிலும் இயங்குகின்றன. லாயத்தில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கும், பிள்ளைக்காகக் குதிரை பார்க்கும் பெற்றோருக்கும் இந்த அடிப்படை தெரிந்திருப்பது நல்லது.

உடற்கட்டு என்றால் என்ன?

அது அழகு அல்ல, நிறமும் அல்ல. எலும்புகள் எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் பொருந்தியுள்ளன, உடலின் எடை கால்களில் எப்படி இறங்குகிறது என்பதே உடற்கட்டு. நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்களே தாங்குகின்றன. ஆகவே முன்காலில் உள்ள கோணலுக்கு முதல் கவனம் தேவை.

சுழி பார்த்து விலை பேசும் வழக்கம் தமிழரிடையே உண்டு. சுழி, மயிர் வளரும் திசையை மட்டுமே காட்டும். காலின் உறுதியை அது சொல்லாது.

முதலில் வயது

வயது தெரியாமல் இளங்குதிரையை மதிப்பிட முடியாது. முன்வரிசையின் நடுப் பால்பற்கள் ஏறக்குறைய இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரை வயதிலும், ஓரப் பற்கள் நாலரை வயதிலும் மாறும்.

இங்கு வரும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அந்நாடுகளில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1ஆம் தேதியே பிறந்தநாளாகக் கணக்கிடப்படும். எனவே, ஏட்டில் ஒரே வயதாக உள்ள இரு குட்டிகளுக்கு உண்மையில் சில மாத வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் சில மாதங்கள் என்பது பெரிய வேறுபாடு.

நிறுத்திப் பார்க்கும் முறை

சமமான, கெட்டியான தரையில் குதிரையை நான்கு கால்களிலும் நேராக நிறுத்தச் சொல்ல வேண்டும். புல் உயரமாக இருந்தால் குளம்பு மறைந்துவிடும்.

பக்கவாட்டில்: தோள் சாய்வாக இருந்தால் எட்டு நீளும், செங்குத்தாக இருந்தால் எட்டு குறுகி, அதிர்ச்சி காலில் ஏறும். முன்கால் முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பது, வேகமாக ஓடும் குதிரைக்குக் கவலை தரும் குறை. சற்றே முன்னோக்கி இருப்பது அவ்வளவு மோசமல்ல. குளம்பின் முன்சரிவும் அதற்கு மேலுள்ள எலும்பின் சரிவும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். பின்கால் அரிவாள் போல் அதிகம் மடங்கியிருந்தால், பின்முட்டியின் கீழுள்ள தசைநார்களுக்குச் சிரமம்.

முன்னாலிருந்து: தோள்முனையிலிருந்து தூக்குநூல் விட்டதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த நூல் முழங்கால், கணுக்கால், குளம்பு ஆகியவற்றின் நடுவே இறங்க வேண்டும்.

பின்னாலிருந்து: உதை எட்டாத தூரத்தில் நின்று பார்ப்பதே பாதுகாப்பு. இரு பின்முட்டிகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா, பின்புறத் தசைகள் இருபுறமும் சமமா என்று கவனிக்க வேண்டும்.

நடக்க வைத்தல்

கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக நடத்தி, பிறகு மெதுவாக ஓடவிட வேண்டும். குளம்பு உள்நோக்கித் திரும்பிய குதிரை காலை வெளியே வீசி வைக்கும். வெளிநோக்கித் திரும்பியது காலை உள்ளே வீசி, எதிர்க்காலில் இடித்துக்கொள்ளலாம். ஓடும்போது தலை ஏறி இறங்கினால் வலி இருக்கக்கூடும். அது உடற்கட்டுக் கணக்கல்ல. கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டியது.

மாறுவதும் மாறாததும்

இளங்குதிரை ஒரே சீராக வளராது. சில மாதம் பின்புறம் உயர்ந்து நிற்கும். பிறகு முன்புறம் எட்டிப் பிடிக்கும். மார்பு ஒடுங்கிய குட்டியின் முன்கால்கள் சற்றே வெளியே திரும்பியிருந்தால், மார்பு அகலும்போது அது பெரும்பாலும் குறையும். ஒல்லியான கழுத்தும் தசையில்லாத முதுகும் தீனியாலும் பயிற்சியாலும் தேறும்.

தோளின் கோணமும், வளர்ச்சி முடிந்த எலும்பின் கோணலும் மாறாது. கணுக்கால் கோணலைத் திருத்த, பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்களே ஏற்ற காலம். முழங்காலுக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கும். முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சி முனை மூடுவதற்கு இரண்டு முதல் இரண்டரை வயதாகும். முதுகெலும்புக்கு அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகும். அதற்கு முன் பெரும் பாரம் ஏற்றினால் நல்ல காலும் கெடும்.

குளம்பை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவிச் சமன்படுத்துவது அவசியம். ஈரமான லாயத்தில் குளம்பின் அடி அழுகி நாற்றமெடுக்கும். அது குதிரையின் பிறவிக்குறை அல்ல. பராமரிப்பில் உள்ள குறை.

சொல்லும் முறை

பார்த்தது சரியாக இருந்தாலும், சொல்வது தவறினால் பயனில்லை. "கோணக்கால் குட்டி, காசு வீண்" என்று நாலு பேர் முன் சொன்னால், திருத்தக்கூடிய குட்டியும் கைமாறிக் கைமாறிச் சீரழியும். மனம் நோகக் கூடாதென்று "எல்லாம் நல்லாயிருக்கு" என்றால், குறையோடு வேகமாக ஓடவிட்டு அதன் கால் போகும். இரண்டிலும் பாதிக்கப்படுவது வாய் பேசாத விலங்கு.

முதலில் உண்மையான நிறை. அடுத்து, குறை எந்தக் காலில், எந்த இடத்தில், எவ்வளவு. பிறகு அது எந்த வேலையைப் பாதிக்கும். கடைசியில் செய்ய வேண்டியது. இந்த வரிசை பயன் தரும்.

உதாரணமாக: "அண்ணே, தோள் நல்ல சாய்வு, நடையில தடுமாற்றம் இல்ல. இடது முன்காலு கணுக்காலுக்குக் கீழ கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கு. பிள்ளைங்க ஏறிப் பழக இது தடையில்ல. பந்தயத்துக்கு விடுறதா இருந்தா டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுத்துக் கேட்டுக்குங்க. அதுவரைக்கும் குளம்பு சீவுற தவணையத் தவறவிடாதீங்க."

ஒருமுறை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே கோணங்களில் படம் எடுத்து ஒப்பிட்டால், எது வளர்ச்சியில் சரியானது, எது நிலைத்துவிட்டது என்பது தெளிவாகும். குறையே இல்லாத குதிரை கிடையாது. அதற்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் அது பல ஆண்டுகள் நொண்டாமல் உழைக்கும்.