கார்ட்டூன் பிரிவும் இந்திய அனிமேஷன் கலைஞர்களின் தொழில்வாழ்வும்

அசையாத ஓவியங்களையோ பொருள்களையோ சிறிது சிறிதாக மாற்றிப் படம்பிடித்து, திரையில் அவை அசைவதாகக் காட்டும் அனிமேஷன் கலை, இந்தியாவில் திரைப்படம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே முயன்று பார்க்கப்பட்டது. தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் 1934இல் ‘தி பீ பிரதர்ஸ்’ என்னும் கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. எனினும் இவை ஆர்வலர்களின் தனி முயற்சிகளாகவே நின்றுவிட்டன. மாதச் சம்பளம் பெற்று, மூத்தவரிடம் பயின்று, படிப்படியாக உயர்ந்து, இதையே வாழ்நாள் தொழிலாகக் கொள்ளக்கூடிய நிலை 1956இல்தான், அதுவும் ஓர் அரசு அலுவலகத்தில்தான் உருவாயிற்று.

செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் தயாரிப்பதற்காக 1948இல் நடுவண் அரசு பம்பாயில் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷன், 1956இல் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் அங்குப் பயிற்சியளிக்க வந்த கிளேர் வீக்ஸ், டிஸ்னி நிறுவனத்தில் ‘பாம்பி’ முதலிய படங்களில் பணியாற்றியவர். மதபோதகர் குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்தவர் என்பதால் இந்நாடு அவருக்குப் புதிதன்று. அவரிடம் பயின்ற இளைஞர்கள் 1957இல் உருவாக்கிய ‘தி பான்யன் டீர்’ புத்த ஜாதகக் கதையொன்றைச் சொல்கிறது. மான்களின் வடிவில் டிஸ்னியின் சாயல் படிந்திருப்பது உண்மையே. ஆனால் தொழில் கற்கும் கை, கற்பித்தவரின் கையைப் போலவே தொடங்குவது இயல்பு.

அக்காலத்துப் பணிமுறையை அறிந்தால்தான் இத்தொழிலின் படிநிலை விளங்கும். திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன; ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவைப்படுவதால், பத்து நிமிடப் படத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல் வரைய வேண்டும். ஓர் அசைவின் முதன்மை நிலைகளை மூத்த கலைஞர் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட நிலைகளை ‘இன்-பிட்வீனர்’ எனப்படும் இளையவர், கீழிருந்து விளக்கொளி பாயும் கண்ணாடி மேசையில், தாள்களை விரல்களுக்கிடையே பிடித்து முன்னும் பின்னும் புரட்டி அசைவைச் சரிபார்த்தபடியே வரைவார். பின்னர் ஒவ்வோர் ஓவியமும் ‘செல்’ எனப்படும் ஒளிபுகும் தகட்டுக்கு மாற்றப்படும். கோடு முன்பக்கத்திலும் வண்ணம் பின்பக்கத்திலும் தீட்டப்பட்டமையால், வண்ணம் கோட்டை மறைப்பதில்லை.

இப்பிரிவில் 1956இல் சேர்ந்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம்மோகன். அவருடைய ‘ஹோமோ சாப்ஸ்’ 1967இல் வெளிவந்து தேசிய விருது பெற்றது. அடுத்த ஆண்டே அரசுப் பணியை விட்டு பிரசாத் புரொடக்ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குச் சென்ற அவர், 1972இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பிலிம்ஸ் டிவிஷனில் பின்னணிக் காட்சிகள் தீட்டுபவராக இருந்த பீம்சைனும் வெளியேறி, ‘தி கிளைம்ப்’ படத்தை எடுத்தார். 1974இல் அவர் கைவண்ணத்தில் உருவான ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’, தூர்தர்ஷன் வழியாக ஒரு தலைமுறைக் குழந்தைகளின் நினைவில் நிலைத்தது.

முழுநீள அனிமேஷன் படம் எடுக்க முதலீடு செய்வோர் அரிதாயிருந்த நாட்டில், இவர்களுக்குச் சோறு போட்டவை குடும்பநலப் பிரசாரப் படங்கள், விளம்பரங்கள், திரைப்படங்களின் தலைப்புக் காட்சிகள் ஆகியனவே. இதைக் குறைவாக மதிப்பிடுவது தவறு. எழுத்தறியாதவருக்கும் ஒரு செய்தியைச் சில நிமிடங்களில் புரியவைக்க வேண்டிய கட்டாயம்தான் இக்கலைஞர்களைக் கதைசொல்லிகளாக்கியது. சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) படத்துக்கு ராம்மோகன் ஆக்கித் தந்த பகுதியில், சுதேச அரசுகளைக் கும்பினி ஆட்சி ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிய நெடும் வரலாறு, செர்ரிப் பழங்களை ஒருவர் உண்பதாகவே சுருங்கிவிடுகிறது.

1990களில் யுனிசெப் அமைப்புக்காக அவர் வடிவமைத்த ‘மீனா’ என்ற சிறுமியின் தோற்றமும் உடையும், தெற்காசிய நாடுகள் எதிலும் அந்நியமாகத் தோன்றாதவாறு அமைந்தன. ஜப்பானியரான யுகோ சாகோவின் முயற்சியில் 1992இல் நிறைவுற்ற ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ படத்தின் இயக்குநர்களுள் ஒருவராகவும் அவர் விளங்கினார்.

கணினி வந்தபின் வேலைவாய்ப்பு பெருகியது. சென்னையின் பென்டாமீடியா கிராபிக்ஸ், நடிகரின் உடலசைவைக் கருவிகளால் பதிவுசெய்து கணினி உருவத்துக்கு ஏற்றும் ‘மோஷன் கேப்சர்’ முறையில் ‘சிந்துபாத்’ படத்தை 2000ஆம் ஆண்டளவிலேயே உருவாக்கியது. ஆயினும் இந்தியக் கூடங்கள் பலவற்றை வாழவைத்தது வெளிநாட்டு ஒப்பந்த வேலையே. கதையும், காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ‘ஸ்டோரிபோர்டு’ம் அங்கிருந்தே ஆயத்தமாக வந்தமையால், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திறமையான கைகளாக மட்டுமே வளர்ந்தனர்; கார்ட்டூன் பிரிவின் தலைமுறைக்குச் சிறு படங்களிலேனும் வாய்த்த கதை சொல்லும் உரிமை இவர்களுக்கு வாய்க்கவில்லை. மென்பொருளை மட்டும் கற்பிக்கும் பயிற்சிக் கூடங்கள், ராம்மோகன், பீம்சைன் ஆகியோரின் படங்களைப் பிரேம் பிரேமாகப் பிரித்துக்காட்டும் வகுப்பையும் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.