ஏட்டுக்கு உடையவர் யார்?

லண்டனில் யூஸ்டன் வீதியிலே பிரித்தானிய நூலகம் இருக்கிறது. அங்கே பெரும் காவலோடு வைத்திருக்கும் நூல்களில் ஒன்று லிண்டிஸ்பார்ண் நற்செய்தி ஏடு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஒரு சிறு தீவின் மடத்தில், ஏறக்குறைய 700ஆம் ஆண்டில், கன்றுத் தோலில் எழுதியது. ஒரு பக்கம் முழுவதும் பின்னற் கோலம். அடுத்த பக்கத்தில் முதல் எழுத்து மட்டுமே பாதித் தாளை அடைத்துக்கொண்டு நிற்கும். கடல்வழி வந்த வைக்கிங்குகளுக்கு அஞ்சி 875இல் துறவிகள் தீவை விட்டு ஓடியபோது, தங்கள் புனிதர் கத்பர்ட்டின் உடற்பேழையையும் இந்த ஏட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை.

10ஆம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு இதன் கடைசியில் ஒரு குறிப்பு எழுதினார். எழுதியவர் ஈட்பிரித், கட்டுக் கட்டியவர் எதில்வால்ட், பொன்னும் மணியும் பதித்து மேலுறை செய்தவர் பில்பிரித் என்று பெயர் பெயராகச் சொல்கிறது அந்தக் குறிப்பு. பொன்னுறை பின்னாளில் காணாமற் போய்விட்டது. குறிப்பு இன்றைக்கும் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்த பிறகு ஏடு தனியார் கைக்குப் போய், ரொபர்ட் கொட்டன் என்பவரின் சேகரத்தில் சேர்ந்து, 1753இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சொத்தானது. எங்கள் ஏட்டைத் திருப்பித் தாருங்கள் என்று வடகிழக்கு இங்கிலாந்து மக்கள் இன்னும் கேட்கிறார்கள். அவ்வப்போது சில மாதங்களுக்கு இரவலாக அனுப்புவார்கள். 2013இல் டர்ஹம் நகருக்குப் போய் வந்தது.

வட இலங்கையின் வன்னியைப் பற்றிய தொடரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அதே நூலகத்தில்தான் ஹியூ நெவில் சேகரமும் இருக்கிறது. நெவில் இலங்கைக் குடிசார் சேவையில் இருந்த ஆங்கிலேயர். 'தப்ரபேனியன்' என்று ஒரு சஞ்சிகையே நடத்தியவர். உத்தியோகம் பார்த்த ஊரெல்லாம் ஏடு தேடியவர். 1897இல் அவர் இறந்தபோது சேர்ந்திருந்தவை 2,227 சுவடிகள். 1904இல் அவை பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பாலானவை சிங்களமும் பாளியும், தமிழும் உண்டு. கே. டி. சோமதாச அவற்றுக்கு ஏழு தொகுதிகளில் விவரப் பட்டியல் தயாரித்தார்.

கண்டிக் காலத்துச் சிங்கள ஏடுகளின் மரச் சட்டங்களைப் பார்த்தால் கண் நிறையும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கலந்த கொடிக்கருக்கு, தாமரை இதழ் வரிசை, மேலே அரக்கு மினுக்கம். விகாரைக்குத் தானமாகக் கொடுப்பதற்கு எழுதியவை பல. கொடுப்பவரின் புண்ணியம் சட்டத்தின் வண்ணத்தில் தெரிய வேண்டும் அல்லவா?

எங்கள் பக்கத்து ஏட்டுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. பனை ஓலை எடுத்து, ஈர்க்கு நீக்கி, அவித்து உலர்த்தி, நறுக்கிச் சேர்த்தால் சில விரல் அகலம் தேறும். இரண்டு துளை. ஒன்றில் நாராசம் என்ற ஊசி, மற்றதில் கயிறு. கயிற்றின் நுனியில் ஏட்டைச் சுற்றிக் கட்டிச் செருகுவதற்குக் கிளிமூக்குப் போல நறுக்கிய ஓலைத் துண்டு. மேலும் கீழும் வெறும் மரச் சட்டம். முதல் ஓலையில் பிள்ளையார் சுழி. அவ்வளவுதான். எழுத்தாணி கீறிய கோட்டில் விளக்குக் கரியும் இலைச் சாறும் தேய்த்தால்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரியும். அந்த ஒடுங்கிய ஓலையில் பொன்னெழுத்துக்கு ஏது இடம்?

ஆனால் அலங்காரம் நடக்காமல் இல்லை. அதை எழுதியவர் செய்யவில்லை, வைத்திருந்தவர்கள் செய்தார்கள். சரஸ்வதி பூசைக்கு ஏடு அடுக்கி, மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சிவப்புப் பட்டில் சுற்றிப் பூச்சூட்டுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வைத்த பொட்டு, மூன்று தலைமுறை கடந்தால் சட்டத்தின் மேலே தடித்த படையாகிவிடும். ஒரு வீட்டில் எவ்வளவு காலம் ஏடு மதிப்போடு இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஓரத்து எழுத்துகளை மறைத்ததும் அதே மஞ்சள்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் வேண்டுமானால் மந்திர ஏட்டையும் வைத்திய ஏட்டையும் விரிக்க வேண்டும். அங்கே சக்கரங்கள் இருக்கும். கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓரெழுத்து, மூலையில் சூலம், சில இடங்களில் தாமரை. விஷகடிக்குப் பார்க்கும் பரிசாரியாருக்கு அது அழகுக்கு வரைந்ததில்லை, தொழிலுக்கு வரைந்தது. ஏட்டைப் பார்த்துச் செப்புத் தகட்டில் கீறிக் கொடுப்பார். காடும் பாம்பும் நிறைந்த வன்னியில் அந்த ஏட்டுக்கு வேலை இருந்தது.

உடைமைக் கதையைக் கடைசி ஓலை சொல்லும். ஆண்டின் பெயர், மாதம், நாள், நட்சத்திரம், எழுதியவர் பெயர், தகப்பன் பெயர். எடுத்தவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் சிலவற்றில் வரும். ஆல்ட்ரெட் செய்த வேலையைத்தான் நம் ஆட்களும் செய்திருக்கிறார்கள். ஒரு வேறுபாடு: தோல் ஏடு ஆயிரம் ஆண்டு தாங்கும், ஓலை நம் வெக்கையிலும் கறையானிலும் இருநூறு முந்நூறு ஆண்டு தாங்கினால் பெரிது. ஆகவே நம்மிடம் ஏட்டை உடையவர் என்றால், அதைப் பெயர்த்தெழுத ஆள் வைத்திருந்தவர் அல்லது பெயர்த்தெழுதத் தெரிந்தவர். பெட்டகத்தில் பூட்டி வைத்தவரை உடையவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கண்ணகி ஏடுகளில் இது நன்றாகத் தெரியும். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரையைக் கோயிலில் பாடிப் படிப்பார்கள். ஏட்டை அம்மனுக்குரிய பொருளாகவே வைத்திருப்பார்கள். வித்துவான் வீ. சீ. கந்தையா அதை 1968இல் அச்சேற்றினார். வன்னியில் வற்றாப்பளை அம்மனுக்கும் வைகாசிப் பொங்கல்தான். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கேற்றித் தொடங்கும் அந்தச் சடங்கை அறியாதவர் வடக்கில் இல்லை. இப்படிப்பட்ட கோயில்களில் ஏடு கட்டி வைத்திருக்கும் பொருள் மட்டுமல்ல. அதை எடுத்து விரித்துப் படிக்கும் உரிமை ஒரு குடும்பத்துக்கு இருக்கும். அந்த உரிமைதான் உண்மையான உறுதி.

பெயர்த்தெழுதுவது 19ஆம் நூற்றாண்டில் அச்சு வந்ததும் தளர்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை, ஓலை ஒடிந்து எழுத்து உதிர்வதைப் பார்த்துப் பதறிப் பதிப்புக்கு இறங்கினார். 1887இல் கலித்தொகையை வெளியிட்டார். அச்சுக்குப் போகாத ஏடுகள் அடுக்களைப் பறணில் புகை குடித்துக்கொண்டு கிடந்தன. வட்டாரக் கதைப் பாட்டும் வைத்தியமும் சோதிடமும்தான் அவற்றில் பெரும்பகுதி. அவற்றை அச்சுக்காரர் தேடி வரவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களோடு ஏடுகளும் சாம்பலாயின. 2009இல் போருக்குத் தப்பிக் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனம், பிள்ளையைத் தூக்கவா பெட்டியைத் தூக்கவா என்ற நிலையில் இருந்தது. காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் உரப்பையில் சுற்றி இடுப்பில் கட்டியவர்களிடம் பறணில் இருந்த ஏட்டைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வராது.

அப்படியென்றால் நெவில் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்றா? இந்தக் கேள்வி எங்கும் வருகிறது. பதில் சொல்லுகிறவர் இருக்கும் ஊரைப் பொறுத்து மாறுகிறது. லண்டனுக்குப் போன ஏடு அழியவில்லை என்பது உண்மை. அதைப் படித்த குடும்பமும் படித்த இராகமும் லண்டனுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. தப்பியது ஓலை. பாதிதான் அது.

இப்போது வழி வேறு. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு வட இலங்கைத் தமிழ் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைக்கிறது. மூல ஏடு நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. படம்தான் யூஸ்டன் வீதிக்குப் போகும்.

உங்கள் வீட்டில் ஏடு இருந்தால் கட்டை அவிழ்த்ததும் கடைசி ஓலையைப் பாருங்கள். பிரபவ ஆண்டு என்று இருந்தால் அது 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம்; அறுபது ஆண்டுச் சுற்றில் வரும் சிக்கல் அது. எழுதியவர் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் எந்தத் தலைமுறை என்று தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு, இந்த முறை மஞ்சளைச் சட்டத்தோடு நிறுத்துங்கள். ஓலைக்குப் புல்லெண்ணெய் போதும், அதுவும் பழகியவர் கையால்.