கடிகாரமும் கூட்டமும்: பெருந்தொற்றுக் காலக் கடை நேரக் கட்டுப்பாடு குறித்து

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை. மறுநாள் காலை 6 மணி முதல் சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் நான்கு நாளும், சேலத்திலும் திருப்பூரிலும் மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று முந்தைய நாள்தான் அறிவித்திருந்தார்கள். மளிகைக் கடையும் திறக்காது. அப்போதைய விதிப்படி கடைகள் பகல் 1 மணிக்கு அடைபட வேண்டும். அன்று திரண்ட கூட்டத்தைக் கண்டு, அந்த ஒரு நாளுக்கு 3 மணி வரை அரசே நேரத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதமாகச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று பழகியவர்கள், அந்த வட்டங்களை மிதித்துக்கொண்டு நான்கு நாள் தக்காளியையும் வெங்காயத்தையும் ஒரே முற்பகலில் வாங்க முண்டினார்கள்.

இதை மக்களின் ஒழுங்கீனம் என்று சொல்லிவிடுவது எளிது. அன்றைக்குப் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கூட்டம் ஆணையின் விளைவு என்பது என் கருத்து. ஊரடங்கே தவறு என்று நான் வாதிடவில்லை. மருத்துவமனைகள் ஆயத்தமாக அவகாசம் தேவைப்பட்டது. கடைகளைக் கட்டுப்படுத்த அரசு முதலில் கையிலெடுத்த கருவி கடிகாரம். அத்தியாவசியப் பொருள் விற்கும் கடைக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆணைகளின் போக்கைப் பார்ப்போம். 2020 மார்ச் 29 முதல் காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 2.30 வரை. ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரை. இரண்டாம் அலையில், 2021 மே 6 முதல் நண்பகல் 12 வரை. மே 15 முதல் காலை 10 மணி வரை மட்டும். நோய் ஏற ஏறக் கடை நேரம் இறங்கியது. கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இத்தனை அளவு தொற்று என்று கணக்கிட்டால்தான் இந்தப் போக்குக்குப் பொருள் உண்டு. ஆனால் தொற்றுவது மணிக்கணக்கு அல்ல. ஒரே காற்றை ஒரே சமயத்தில் மூச்சிழுக்கும் மனிதர்கள்.

ஒரு தெருமுனை மளிகைக் கடையை வைத்துக் கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு 240 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் 9 நிமிடம் நிற்கிறார்கள் என்று கொள்வோம். கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் மணிக்கு 20 பேர்; எந்நேரமும் கடை முன்னே சராசரியாக 3 பேர். அதே கடை காலை 6 முதல் 10 வரை மட்டும் திறந்தால் மணிக்கு 60 பேர்; எந்நேரமும் 9 பேர். மூன்று பேர் நிற்குமிடத்தில் ஒருவருக்கொருவர் தொற்ற வாய்ப்புள்ள இணைகள் மூன்று. ஒன்பது பேர் நிற்குமிடத்தில் முப்பத்தாறு. நேரத்தாலும் பெருக்கிப் பார்த்தால், முதல் நிலையில் 12 மணி நேரத்துக்கு 36 இணை-மணிகள். இரண்டாவதில் 4 மணி நேரத்துக்கு 144. நேரத்தை மூன்றில் ஒரு பங்காக்கினோம்; நெருக்கம் நான்கு மடங்காயிற்று. அதுவும், கடைக்காரர் பொட்டலம் மடிக்கும் வேகம் மும்மடங்காகும் என்று நம்பிப் போட்ட கணக்கு இது. அப்படி நடக்காது, ஆகவே வரிசை இன்னும் நீளும்.

தோராயக் கணக்குதான். ஆனால் ஒரு கேள்விக்கு இது விடை தருகிறது: நேரக் குறைப்பு பயன்பட வேண்டுமானால் எத்தனை பேர் கடைக்கு வராமல் இருக்க வேண்டும்? மேற்படி கணக்கில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் வராமல் இருந்தால்தான் பழைய நிலையே திரும்பும். அதற்கு மேல் குறைந்தால்தான் ஆதாயம். ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் அது நடக்கும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆள் வீட்டிலேயே இருந்துவிடுவார். அங்கே நேரக் குறைப்புக்கு நியாயம் உண்டு. அரிசிக்கும் பாலுக்கும் 'அப்புறம்' கிடையாது. சேமிப்பும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீடு வாரம் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும். அன்றாடக் கூலியில் அன்றன்றைக்கு வாங்கும் வீடு தினமும் வரிசையில் நிற்கும். நெருக்கத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்குத் தனி ஆய்வு வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படலாம்: நடமாட்டத்தையே குறைப்பதுதான் நோக்கம், கடை மூடியிருந்தால் வெளியே வரச் சாக்கு இருக்காது. பிற்பகல் தெருக்கள் வெறிச்சோடியது உண்மைதான். ஆனால் வெறிச்சோடிய பிற்பகலையும் நெரிந்த முற்பகலையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

கோயம்பேடு இந்த விவாதத்தில் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் இடம். 1996-இல் திறக்கப்பட்டு, சுமார் 295 ஏக்கரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளோடு இயங்கிய அந்தச் சந்தையிலிருந்து ஏப்ரல் இறுதியில் தொற்று பரவத் தொடங்கியது. 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. வணிகர் தினமாகக் கொண்டாடப்படும் நாள் அது. சுமை தூக்குவோரும் வியாபாரிகளும் ஊர் திரும்ப, கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை ஏறியது. சந்தையை மாற்ற வணிகர்கள் உடன்படவில்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. வணிகர்கள் அரசைக் குறை சொன்னார்கள்.

முழுப் பழியையும் கடிகாரத்தின் மேல் போடுவது நேர்மையாகாது. கோயம்பேடு இரவில் உயிர்பெறும் இடம். நள்ளிரவையொட்டி லாரிகள் வரும், மூட்டைகள் தலைமாறும், விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் 'குட்டி யானை' வண்டிகளோடு வந்து குவிவார்கள். குறுகலான நடைவழியில் ஒருவர் தோளை ஒருவர் உரசாமல் ஒரு கூடையை எடுத்துப் போக முடியாது. நோய்க்கு வேண்டியதெல்லாம் அங்கே முன்பே இருந்தது. ஆனால் நகரத்துக் கடைகள் எல்லாம் பகல் 1 மணிக்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும் என்ற விதி, அவ்வளவு பேரையும் ஒரே பின்னிரவில் கொள்முதலுக்கு ஓட வைத்தது. கடைசியில் உதவியதும் இடம்தான். காய்கறி மே 10 முதல் திருமழிசையின் திறந்த வெளிக்குப் போனது. பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. திருமழிசையில் மழை பெய்தால் சேறு, காய் அழுகல், வியாபாரிகளுக்கு நட்டம். ஆனால் தலைக்கு மேல் வானம் இருந்தது. காற்றின் வழியே தொற்றும் சாத்தியத்தை உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது அந்த ஆண்டு ஜூலையில்தான்.

அப்படியானால் கடிகாரம் ஏன் வென்றது? பார்த்தால் தெரியும் என்பதால். ஒரு கடைக்குள் எத்தனை பேர், சன்னல் திறந்திருக்கிறதா என்பதைக் கவனிக்கச் சுகாதார ஆய்வாளர் வேண்டும். ஷட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ரோந்து வண்டி போதும். சட்டமும் அதற்கு ஒத்தாசை செய்தது. பம்பாயின் பிளேக் காலத்தில் பிறந்த 1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் நான்கே பிரிவுகளோடு எழுதப்பட்டது. கீழ்ப்படியாதவரை அது அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டது. நம்மிடம் 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம் இருந்தது. இந்திய மாகாணங்களிலேயே முன்னோடியான அச்சட்டம் சுகாதார அலுவலரை நடுநாயகமாக வைத்து எழுதப்பட்டது. விதி மீறும் நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அச்சட்டத்தின் வழியே ஏற்பாடு வந்தது 2020 செப்டம்பரில். அதுவரை கடைக்காரர் எதிரே நின்றது பெரும்பாலும் காக்கிச் சட்டை.

சாத்தான்குளம் நடந்தது அந்த இடைவெளியில். 2020 ஜூன் 19 அன்று, அனுமதித்த நேரம் கடந்தும் செல்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிக் காவல்துறை பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் நான்கு நாளுக்குள் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது; சிபிஐ காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. இதைத் தனிப்பட்ட காவலர்களின் கொடூரம் என்று மட்டும் படிப்பது போதாது. சுகாதார விதி ஒன்றை நிமிடக் கணக்காகச் சுருக்கி லத்தியிடம் கொடுத்தால், கடைக்காரர் நோயாளியாகவோ நோய் தடுப்பவராகவோ தெரிவதில்லை, குற்றவாளியாகவே தெரிகிறார்.

வேறு வழி தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. தன் சொந்தக் கடை என்று வந்தபோது அரசுக்கு அது தெரிந்தது. மே 7 அன்று திறந்த டாஸ்மாக் கடைகளை மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத் தடைக்குப் பிறகு மே 16-இல் மீண்டும் திறந்தபோது கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன், கிழமைக்கு ஒரு நிறம் என்ற முறை வந்தது. மணிக்கு இத்தனை பேர் என்று வரத்தைச் சீராக்கும் வித்தை அது. நான் மேலே போட்ட கணக்கின் செயல்வடிவம். மதுவுக்குக் கிடைத்த அந்த யோசனை மளிகைக்கும் காய்கறிக்கும் அதே அக்கறையோடு கிடைக்கவில்லை.

இழப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. சாலையை அகலப்படுத்த ஒருவர் கடையின் முன்பக்கம் பத்தடி எடுத்தால் சட்டப்படி இழப்பீடு உண்டு. பொது நன்மைக்காக அதே கடையின் நான்கு மாத வியாபாரத்தை எடுத்தால் கடன் கொடுத்தார்கள்: தெருவோர வியாபாரிக்கு ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய், சிறு நிறுவனங்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வங்கிக் கடன். பிரிட்டனில் வேலையின்றி வீட்டிலிருந்த ஊழியரின் ஊதியத்தில் 80 விழுக்காடு வரை அரசு ஏற்றது. நம் கருவூலத்தால் அந்த அளவுக்கு முடியாதுதான். ஆனால் மூடிய கடையின் வாடகையில் ஒரு பங்கு, மின்கட்டணத்தின் நிலைக்கட்டணம் இவற்றையாவது உரிமையாக எழுதி வைத்திருக்கலாம். கடனைக் கடைக்காரர் திருப்பிக் கட்ட வேண்டும். இழந்த வியாபாரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

ஓராண்டுக்குப் பின் பாடம் கற்றோமா? 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என்று 22-ஆம் தேதி அறிவித்தார்கள். அன்று இரவு 9 வரையும், மறுநாள் காலை 6 முதல் இரவு 9 வரையும் எல்லாக் கடைகளும் திறக்கலாம் என்றார்கள். நேரம் இம்முறை தாராளம். ஆனால் எல்லாத் தேவையும் ஒன்றரை நாளில் அடைபட்டது. பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் ஏப்ரல் 25 மறுபடி அரங்கேறியது. 24-ஆம் தேதிக்குப் பிறகு தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் காய்கறி வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பின. மளிகையும் வண்டியில் வந்தது. அந்த வண்டிகள் அறிவிப்புக்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த ஆணையை எழுதப்போகும் அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வரியில் மணியை எழுதாதீர்கள், இத்தனை சதுர அடிக்கு இத்தனை பேர் என்று எழுதுங்கள்.