டெல்வ்ற் நகரத்துப் புடைவை வணிகரும் ஒற்றை வில்லையும்

நுணுக்குக்காட்டியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் கருவிகளின் வரிசையொன்றையே நம்முன் வைக்கின்றன. ஒன்றினும் மற்றொன்று சிறந்ததாய்ப் படிப்படியே வளர்ந்து வந்ததுபோன்ற தோற்றத்தை அவ்வரிசை தருகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் நிலையோ இதற்கு மாறானது.

1665இல் இலண்டனில் றொபேட் ஹூக் வெளியிட்ட ‘மைக்குறோகிராபியா’ என்னும் நூல், பல வில்லைகள் பொருத்திய கூட்டு நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு எழுந்தது. தக்கைச் சீவலிற் கண்ட சிற்றறைகளுக்கு அவர் இட்ட பெயரே, இன்று நாம் கலம் என வழங்குவதற்கு மூலம். எனினும் அக்காலக் கூட்டுக் கருவியிற் பொருள்கள் மங்கலாகவும் நிற விளிம்புகளுடனும் தோன்றின. வில்லைகள் கூடுந்தோறும் குறையும் கூடிற்று.

ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரில் வாழ்ந்த அன்ரனி வான் லீவன்ஹூக் (1632–1723) புடைவை வணிகர், பல்கலைக்கழகம் புகாதவர், இலத்தீன் அறியாதவர். அவரது கருவி, இரு உலோகத் தகடுகளுக்கிடையே பதித்த ஒரேயொரு சிறு வில்லையே. எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று ஏறத்தாழ 266 மடங்கு உருப்பெருக்க வல்லது. மிளகு ஊறிய நீரில் எண்ணிலாச் சிற்றுயிர்களைக் கண்டதாக 1676 ஒக்ரோபரில் அவர் இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். கழகத்தார் ஐயுற்றனர். அவரோ தமது செய்முறையை வெளியிடாது, மதகுருமார் உள்ளிட்ட எண்மரின் சாட்சிப் பத்திரங்களை அனுப்பிவைத்தார்! விஞ்ஞான வாதமொன்று நீதிமன்ற வழக்குப்போல் நடந்தமை, வரலாறு பயில்வோர்க்குச் சுவை பயப்பதாகும். 1677 நவம்பரில் ஹூக் தாமே அவ்வுயிர்களைக் கழகத்தார்க்குக் காட்டிய பின்னரே ஐயம் நீங்கிற்று. 1680இல் வணிகர் அக்கழகத்தின் உறுப்பினராயினார்.

சிறந்த வில்லைகளை ஆக்கும் முறையை அவர் இறுதிவரை வெளியிட்டாரல்லர். அறிவைப் பூட்டிவைத்தவர் என அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால், உட்ரெக்ற் நகரிலுள்ள மேற்கூறிய கருவியைப் பிரிக்காமலே நியூத்திரன் கற்றைகளால் ஆராய்ந்தோர், அதன் வில்லை உருகிய கண்ணாடி இழையின் முனையில் திரண்ட மணியே என 2021இல் அறிவித்தனர். அம்முறையையோ ஹூக் தமது நூலின் முகவுரையிலேயே விளக்கியிருந்தார்! அத்தகைய வில்லைகள் கண்ணை வருத்துவன என அவர் அவற்றை ஒதுக்கினார். எனவே டெல்வ்ற் வணிகரின் மறைபொருள், செய்முறையினும் பார்க்க, அவரது பொறுமையிலேயே இருந்தது என்று கொள்ளலாம்.

கூட்டுக் கருவியின் குறை தீர 1830 வரை செல்லவேண்டியதாயிற்று. வில்லைத் தொகுதிகளின் பிறழ்ச்சிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு அவற்றை இடைவெளியிட்டு அமைக்கும் நெறியை அவ்வாண்டில் வெளியிட்டவர் யோசேப்பு ஜக்சன் லிஸ்ரர். அவரும் ஒரு வணிகரே. விற்றது திராட்சை மது.